துணைக்கால்

சுற்றுநிருபம் திங்கட்கிழமை வந்தது,
சிங்களத்தில், இரண்டு பக்கம், ஐந்து இணைப்பு.
பொதுவாழ்வில் பண்பாய் நடப்பதற்கென்று
வியாழக்கிழமையை ஒதுக்கியிருந்தார்கள்.
காலை ஒன்பதுக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்.
தமிழ்ப் பிரதி நாலு மணிக்குள் வேண்டும்.

மாளிகாவத்தைக் கந்தோரின் மூன்றாம் மாடியில்
மொழிபெயர்ப்பாளன் நான் ஒருவன்தான்.
அந்த ஒரு சொல்லுக்கு
மரியாதை என்று எழுதிப் பார்த்தேன்;
அது கை கட்டி, மேலே பார்த்து நின்றது.
நாகரிகம் என்றேன்;
சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தது.
கண்ணியம் மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்றது.
மூன்று ஐம்பதுக்குப் பண்பு என்று போட்டு அனுப்பிவிட்டு
தேநீர் குடிக்கப் போனேன்.

வியாழன் காலை காலி வீதி நெடுக
மீதிக் காசு இருபது ரூபாய்க்காக
கொண்டக்டரோடு சண்டை.
பம்பலப்பிட்டியில் தொடங்கியது
கொள்ளுப்பிட்டி தாண்டியும் ஓயவில்லை.
அவனுடைய தாயை நான் இழுக்கவில்லை.
இழுக்கிற அளவுக்குச் சிங்களம் தெரியும் என்பதை மட்டும்
அவனுக்கு விளங்கவைத்தேன்.

வாசலில் பதாகை.
மூன்று மொழியும் ஒரே அளவு, குறை சொல்ல முடியாது.
ஆனால் அச்சகத்தில்
கடைசியில் நிற்க வேண்டிய 'பு'
வரிசையை உடைத்து முன்னால் புகுந்திருந்தது.
முன்னால் நின்ற 'ப' ஒன்றும் பேசாமல்
பின்னுக்குப் போயிருந்தது.
புண்ப நாள்.
காற்றில் நன்றாகத்தான் ஆடியது.

"தமிழ் சரிதானே மாத்தயா?" என்றார் காவலாளி பியரத்ன.
இரவு ஏணியில் ஏறிக் கட்டியவர் அவர்.
சரி என்றேன்.
அன்று நான் பண்பாகச் செய்தது அது ஒன்றுதான்,
அதுவும் பொய்.

ஒன்பதுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.
கருமபீடங்களின் கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டு
உறுதிமொழி எடுத்தோம்.
குறுக்கே பேசமாட்டோம். குரல் உயர்த்தமாட்டோம்.
வந்தவரைக் காக்க வைக்கமாட்டோம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வந்தவர்கள் காத்திருந்தார்கள்.
ஒரு குழந்தை எங்கள் வாயசைவைப் பார்த்துத்
தானும் வாயை அசைத்தது.

நாலாம் பீடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
முகத்துவாரத்துப் பவளராணி,
பிறப்புச் சான்றிதழில் பவளரணி.
ஒரு கால் விடுபட்டுவிட்டது.
அந்தக் காலைத் தேடி
தன் இரண்டு காலால் இது ஒன்பதாவது நடை.
பதாகை இருந்த பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார்:
"உங்கட பண்புலயும் எழுத்துப் பிழையா சேர்?
அப்ப நீங்களும் சத்தியக் கடதாசி கொண்டு வரணும்.
ரெண்டு சாட்சி.
கிராம சேவகர் கையொப்பம்.
திங்கட்கிழமை வாங்க, பெரியவர் இன்றைக்கு லீவு."

என்ன சொல்கிறார் என்று கேட்டார் சந்திரகாந்தி,
அந்தப் பீடத்து லிகிதர்,
எவர் முகத்தையும் பார்த்துப் பேசாதவர்.
ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.
என் பத்தொன்பது வருட உத்தியோகத்தில்
அவ்வளவு கவனமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை.

அவர் சிரிக்கவில்லை.
கோப்பில் இருந்த எட்டுத் திகதி முத்திரைகளையும்
பேனா முனையால் எண்ணினார்.
எட்டாவதில் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு கோப்பைத் தூக்கிக்கொண்டு
மேலே போனார், லிப்ட் வேலை செய்யாத நாளில்.
நாற்பது நிமிடம்.
திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது,
கோப்பில் கையொப்பம் இருந்தது.
மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை.
பவளராணியும் நன்றி சொல்லவில்லை.
பையிலிருந்து ஒரு தோடம்பழம் எடுத்து
கண்ணாடி இடுக்கால் உருட்டிவிட்டுப் போனார்.

பின்னேரம் மழை.
பியரத்னவின் மோட்டார் சைக்கிளைப் போர்த்தியிருந்தது பதாகை.
'பு' சரியாக இருக்கையின் மேல் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை எதற்கான நாளும் இல்லை.
அதே பஸ், அதே கொண்டக்டர்.
கேட்காமலே ஒரு பத்து ரூபாய்க் குற்றியை
என் உள்ளங்கையில் வைத்தார்.
"மற்றப் பத்து நாளைக்கு" என்றார், முகத்தை இறுக்கி.
நாளைக்குச் சனி,
எனக்குக் கந்தோர் இல்லை என்று
அவரிடம் சொல்லவில்லை.